வான்கோழி கிடக்கட்டும், தொடுகறியைக் கவனிப்போம்

அமெரிக்கர்களின் நன்றித் திருநாளான தேங்க்ஸ்கிவிங் விருந்தில் படம் எடுப்பதெல்லாம் வான்கோழியைத்தான். ஆனால் தட்டைப் பாருங்கள். ஓரமாக இரண்டு துண்டு கறி இருக்கும். மீதி இடத்தை மசித்த உருளைக்கிழங்கு, மாக் அண்ட் சீஸ் (சீஸ் சாஸில் சுட்ட மாக்ரோனி), ஸ்டஃபிங் (ரொட்டியும் மண இலைகளும் சேர்த்துச் சுட்டது), பீன்ஸ் காசரோல் (சாஸில் கலந்து ஓவனில் சுட்ட பீன்ஸ்), சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கிரான்பெரி (புளிப்பான சிறு சிவப்புப் பழம்) எல்லாம் பங்கு போட்டிருக்கும். இரண்டாம் முறை எழுந்து போகிறவர்கள் வான்கோழிக்காகப் போவதில்லை. கறி கொஞ்சம் வறண்டிருந்தால் கிரேவியை ஊற்றி மறைத்துவிடலாம். பசையாகிப்போன உருளைக்கிழங்கை மறைக்க ஒரு வழியும் கிடையாது.

நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழன்தான் தேங்க்ஸ்கிவிங் என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டது 1941-இல். அன்றைக்கு நண்பர் வீட்டு விருந்துக்குப் போகும் தமிழர்களுக்குப் பெரும்பாலும் வந்து சேரும் வேலை, “நீங்க ஒரு சைட் டிஷ் கொண்டுவாங்களேன்” என்பது. கேட்க எளிய வேலைதான். பாதிப் பேர் கடையில் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போய் நிற்பதைப் பார்த்தால் அது எவ்வளவு எளிது என்று தெரியும். கீழே உள்ள அளவுகள் எல்லாம் 8 முதல் 10 பேருக்கு. கப் என்றால் அமெரிக்க அளவு, 240 மி.லி. வெண்ணெய் ஒரு ஸ்டிக் என்றால் 113 கிராம். வெண்ணெய் உப்பில்லாததாக இருக்கட்டும். சீஸிலும் ஸ்டாக்கிலும் (கோழியோ காய்கறியோ கொதித்த சாறு) ஏற்கெனவே உப்பு இருக்கிறது. ஸ்டாக் வற்ற வற்ற அது இன்னும் கரிக்கும்.

கீழே பல செய்முறைகளில் ஒயின் வரும். எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: புளிப்புக்கு. இந்த விருந்தில் எதைத் தொட்டாலும் வெண்ணெய், க்ரீம், சீஸ், ரொட்டி. மூன்றாவது கரண்டியிலேயே நாக்கு மரத்துவிடும். அதற்கு எதிராக ஒரு புளிப்பு வேண்டும். நம் சமையலில் புளிக்கரைசல் செய்யும் வேலையை இங்கே ஒயின் செய்கிறது என்று வைத்துக்கொண்டால், அதை எப்போது ஊற்றுவது, எவ்வளவு நேரம் கொதிக்கவிடுவது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும். பச்சை வாசனை போகக் கொதித்தாக வேண்டும். பருப்பை வேகவிடாமல் புளியை ஊற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு, வற்றாத ஒயினில் பாலை ஊற்றினால் என்ன ஆகும் என்பதையும் ஊகிக்க முடியும்.

அது திரிந்துபோகும். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் புளிப்பு ஏறினால் கட்டி தட்டும், சூட்டில் இன்னும் சீக்கிரம். ஒயின் நல்ல புளிப்புள்ள சரக்கு. எனவே ஒழுங்கு இதுதான்: வெங்காயமோ காளானோ வதங்கிய சட்டியில் ஒயினை மட்டும் ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டி, பாதிக்கும் குறைவாக வற்றவிட வேண்டும். மூக்கைக் காட்டினால் சுரீரென்று ஏறக்கூடாது. அதன் பிறகுதான் க்ரீம். ஹெவி க்ரீம் என்று விற்பதில் கொழுப்பு குறைந்தது 36 சதவீதம், அது எளிதில் திரியாது. “உடம்புக்கு நல்லது” என்று பாலும் க்ரீமும் பாதிப் பாதி கலந்த ஹாஃப் அண்ட் ஹாஃபை ஊற்றுகிறவர்களுக்குத்தான் சாஸ் ரவை ரவையாக வரும். பால்தான் ஊற்ற வேண்டும் என்றால் முன்பே மாவு சேர்த்திருக்க வேண்டும். மாவுச்சத்து இருந்தால் புரதம் அவ்வளவு சுலபமாகத் திரளாது.

சமையலுக்கு எந்த ஒயின்? சோவின்யோன் பிளாங், பினோ கிரீஜியோ போன்ற இனிப்பில்லாத வெள்ளை ஒயின், 10 டாலர் பக்கம் விலையில் இருந்தால் போதும். ஓக் பீப்பாயில் ஊறிய ஷார்டனே வேண்டாம், வற்றும்போது கசப்புத் தட்டும். மளிகைக்கடையில் வினிகர் பக்கத்தில் “குக்கிங் ஒயின்” என்று நிற்கும் பாட்டிலைத் தொடவே வேண்டாம். அதில் உப்புப் போட்டிருப்பார்கள், வற்றியதும் கடல்தண்ணீர்தான். சிவப்பு ஒயினை வெள்ளை சாஸில் ஊற்றினால் ருசி ஒன்றும் கெடாது. ஆனால் நிறம் ஈரச் சிமென்ட் நிறத்துக்குப் போய்விடும், யாரும் கரண்டி போட மாட்டார்கள். பூச்சில்லாத அலுமினியச் சட்டியிலும் இரும்புச் சட்டியிலும் ஒயினை வற்றவைத்தால் உலோக வாடை ஏறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுங்கள்.

“கொதிச்சா ஆல்கஹால் எல்லாம் போயிடும்” என்று சொல்லிச் சொல்லியே பல விருந்துகள் நடந்துவிட்டன. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை வேறு மாதிரி சொல்கிறது. கலந்து 15 நிமிடம் கொதித்தால் 40 சதவீதம் மிச்சம் இருக்கும். அரை மணியில் 35, ஒரு மணியில் 25, இரண்டரை மணி நேரத்தில்கூட 5. நெருப்புப் பற்றவைத்து வித்தை காட்டும் முறையில் 75 சதவீதம் அப்படியே இருக்கும், போவது புருவம் மட்டும்தான். அளவைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. அரை கப் ஒயினில் சுத்த ஆல்கஹால் 15 மி.லி. சொச்சம். அதில் 40 சதவீதத்தை 8 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு மி.லி.கூட வராது. ஆனாலும் தொடாதவர்கள் தொடாதவர்கள்தான். மத நம்பிக்கையோ, மருந்தோ, குடியை விட்டவரோ, காரணம் எதுவானாலும் சொல்லாமல் பரிமாறக்கூடாது. அவர்களுக்கு அரை கப் ஒயினுக்குப் பதில் அரை கப் காய்கறி ஸ்டாக், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு அல்லது வெள்ளை ஒயின் வினிகர். புளிப்பு வேலை நடந்துவிடும்.

மசித்த உருளைக்கிழங்கு

இதில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள், அதனால் நிதானமாக. யூகான் கோல்டு கிழங்கு இரண்டேகால் கிலோ (5 பவுண்டு), வெண்ணெய் 2 ஸ்டிக், பாலும் ஹெவி க்ரீமும் பாதிப் பாதியாக ஒன்றரை கப், உப்பு. ரசெட் கிழங்கு இன்னும் பொலபொலவென்று வரும், ஆனால் தண்ணீரை அதிகம் குடிக்கும். சிவப்புத் தோல் கிழங்கு சாலடுக்குத்தான், மசிக்க அழுத்தினால் கட்டிகட்டியாக நிற்கும். அழுத்தம் கூட்டினால் பசை.

தோலைச் சீவி, 4 செ.மீ. துண்டுகளாக ஒரே அளவில் வெட்டி, பச்சைத் தண்ணீரில் போட்டு, லிட்டருக்கு 2 தேக்கரண்டி உப்பு சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வெளிப்புறம் கரைந்து உள்புறம் நறுக்கென்று இருக்கும். கொதி வந்ததும் தணித்து 15 முதல் 20 நிமிடம். கத்தி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். வடித்துவிட்டு அதே சட்டியில் திரும்பப் போட்டு, சிறுதீயில் 2 நிமிடம் குலுக்கி ஆவியை ஓட்டுங்கள். இந்த 2 நிமிடத்தைத் தாவுகிறவர்களின் மசியல்தான் நீர்த்து நிற்கும். தண்ணீர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வெண்ணெய் எப்படி நுழையும்?

மசிக்க ரைசர் என்ற அழுத்தி நல்லது. வீட்டில் இடியாப்பம் பிழியும் அச்சு இருந்தால், சற்றுப் பெரிய கண் வில்லையைப் போட்டு அதிலேயே பிழியலாம், வேலை ஒன்றுதான். மிக்ஸி, ஃபுட் பிராசசர், பிளெண்டர் மூன்றுக்கும் அன்று விடுமுறை. வெந்த கிழங்கின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மாவுச்சத்து ஊதி நிற்கிறது. செல் உடையாமல் பிரிந்தால் மிருதுவாக இருக்கும். பிளேடு சுழன்றால் செல் கிழிந்து மாவுச்சத்து வெளியே வழியும், சுவரொட்டி ஒட்டலாம். அப்படி ஆகிவிட்டால் திருப்பிக் கொண்டுவர முடியாது, வெண்ணெய் சேர்த்துச் சேர்த்துப் போராட வேண்டாம். அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மேலே சீஸும் ரொட்டித் தூளும் தூவி, 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (220 செல்சியஸ்) மொறுமொறுவென்று எடுத்து, “இது க்ராட்டன்” என்று முகத்தை மாற்றாமல் சொல்லிவிடுங்கள்.

பிழிந்த கிழங்கில் முதலில் வெண்ணெய், பிறகுதான் சூடான பாலும் க்ரீமும். கொழுப்பு முதலில் மாவுச்சத்தின்மேல் படிந்துவிட்டால் அடுத்து வரும் ஈரம் அதைப் பசையாக்காது. பால் குளிர்ச்சியாக இருந்தால் மசியல் ஆறிப்போய் வெண்ணெய் திரண்டு நிற்கும். அதைச் சரிசெய்யக் கிண்டுவீர்கள், கிண்டினால் மறுபடியும் பசை. வெண்ணெய் அதிகமோ என்று தோன்றுகிறவர்களுக்கு ஒரு தகவல்: பிரெஞ்சுச் சமையல்காரர் ஜோயல் ரோபுஷான் பேர்பெற்ற தன் மசியலுக்கு அச்சில் கொடுத்த கணக்கு கிலோவுக்கு 250 கிராம். நாம் இங்கே கிலோவுக்கு நூறு போடுகிறோம், கிட்டத்தட்ட விரதச் சாப்பாடு.

இதில் ஒயின் சேர்க்க வேண்டாம். புளிப்பு வேண்டுமென்றால் அரை கப் சவர் க்ரீம் போதும். முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியிருந்தால் ஸ்லோ குக்கரில் “வார்ம்” நிலையில் இரண்டு மணி நேரம் தாங்கும். மேலே கால் கப் சூடான க்ரீமை ஊற்றி மூடிவையுங்கள், ஆடை கட்டாது. பரிமாறும்போது அதையே கலந்துவிடலாம்.

மாக் அண்ட் சீஸ்

எல்போ மாக்ரோனி 450 கிராம். வெண்ணெய் 60 கிராம், மைதா 40 கிராம், வெள்ளை ஒயின் அரை கப், பால் 4 கப், சீஸ் 450 கிராம், கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, துளி ஜாதிக்காய்த் தூள். மாக்ரோனியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள், மிச்சம் ஓவனில் வேகும். வெண்ணெயில் மைதாவைப் பச்சை வாசனை போக 2 நிமிடம் வறுத்து, ஒயினை ஊற்றினால் சட்டென்று களியாக இறுகும். பயப்பட வேண்டாம், ஒரு நிமிடம் கிளறி, வெதுவெதுப்பான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கம்பிக் கரண்டியால் அடித்தால் சரியாகிவிடும். 5 நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து, குமிழி அடங்கிய பிறகே சீஸ்.

சீஸ் போட்ட பிறகு கொதிக்கவிட்டால் புரதம் சுருண்டு கொழுப்பு வெளியே வரும். எண்ணெய் ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும் சாஸ் அப்படி வந்ததுதான். நாள்பட்ட செடார் ருசி மிகுந்தது, ஆனால் உருகும்போது முதலில் பிரிவதும் அதுதான். எனவே நடுத்தர செடார் 300 கிராம், சுவிஸ் சீஸான க்ருயேர் 100 கிராம், மீதி 50 கிராம் அமெரிக்கன் சீஸ் ஸ்லைஸ். அமெரிக்கன் சீஸைக் கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். அதில் இருக்கும் சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் கட்டிவைக்கின்றன. ஒயினின் டார்டாரிக் அமிலமும் இதில் கொஞ்சம் உதவுகிறது. உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் சுவிஸ் ஃபாண்டூவில் ஒயின் ஊற்றுவது வெறும் ருசிக்காக இல்லை, சீஸ் நூல் நூலாகத் திரளாமல் இருக்கவும்தான். பையில் துருவி விற்கும் சீஸில் ஒட்டாமல் இருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், சாஸ் நறநறக்கும். கட்டியாக வாங்கித் துருவுங்கள், கை வலித்தால் பசங்களைக் கூப்பிடுங்கள்.

கலக்கி முடித்ததும், “ஐயோ, தண்ணியா இருக்கே” என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் இன்னும் அரை கப் பால் விடுங்கள், மாக்ரோனி ஓவனில் அத்தனையையும் குடித்துவிடும். மேலே வெண்ணெயில் புரட்டிய ரொட்டித் தூள் ஒரு கப், 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (190 செல்சியஸ்) 20 முதல் 25 நிமிடம். ஓரத்தில் குமிழி வந்தால் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் கத்தியால் வெட்டித்தான் பரிமாற வேண்டும்.

பீன்ஸ் காசரோலும் ஸ்டஃபிங்கும்

பீன்ஸ் காசரோலுக்குப் பிறந்த ஊரும் வருடமும் உண்டு. நியூ ஜெர்சி மாநிலம் கேம்டனில், கேம்பல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் 1955-இல் டார்கஸ் ரைலியும் அவர் குழுவும் உருவாக்கியது. ஒரு டப்பா காளான் சூப், அரை கப் பால், ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், மிளகுத்தூள், 4 கப் வெந்த பீன்ஸ், ஒன்றேகால் கப்புக்குச் சற்று மேல் பொரித்த வெங்காயம். அவ்வளவுதான். 350 டிகிரியில் (175 செல்சியஸ்) 25 நிமிடம், வெங்காயம் தூவி இன்னும் 5 நிமிடம். அதைக் குறைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் அரை மணி அதிகம் செலவழிக்கத் தயார் என்றால் டப்பா வேண்டாம்.

பீன்ஸ் 900 கிராம் நுனி கிள்ளி, உப்புத் தண்ணீரில் 4 நிமிடம் வேகவைத்து ஐஸ் தண்ணீரில் போட்டு, பிறகு துணியில் நன்றாகத் துடைத்து எடுங்கள். துடைக்காத பீன்ஸ் அரை கப் தண்ணீரைச் சாஸுக்குள் கொண்டுபோகும். காளான் 450 கிராம் வெண்ணெயில் வதங்க 10 நிமிடமாவது ஆகும். முதலில் தண்ணீர் விடும், அது முழுக்க வற்றிய பிறகே நிறம் பிடிக்கும். பெரும்பாலும் இங்கேதான் அவசரப்பட்டு அடுத்த வேலைக்குத் தாவுகிறார்கள். நிறம் வந்ததும் 3 மேசைக்கரண்டி மைதா, ஒரு நிமிடம் கழித்து கால் கப் உலர் ஷெர்ரி (ஆல்கஹால் கூட்டிய, இனிப்பில்லாத ஒயின்). காளானுக்கு வெள்ளை ஒயினைவிட ஷெர்ரி பொருத்தம், கொட்டைப் பருப்பின் மணம் இருக்கும். பிறகு ஒரு கப் ஸ்டாக், ஒரு கப் ஹெவி க்ரீம், கரண்டியின் முதுகில் படியும் வரை வற்றவிட்டுப் பீன்ஸைக் கலந்து ஓவனில் 25 நிமிடம். பொரித்த வெங்காயம் கடைசி 5 நிமிடத்தில் மட்டும். முதலிலேயே தூவினால் பாதி கருகும், பாதி நமத்துப்போகும்.

ஸ்டஃபிங்குக்கு ரொட்டி பழையதாக இருந்தால் போதும் என்பது பாதி உண்மை. நாலு நாள் பாக்கெட்டிலேயே கிடந்த ரொட்டி கெட்டிப்பட்டிருக்கும், ஈரம் போயிருக்காது. ஸ்டாக்கை ஊற்றினால் உறிஞ்ச இடமில்லாமல் களியாகும். 680 கிராம் வெள்ளை ரொட்டியை 2 செ.மீ. துண்டுகளாக்கி 275 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (135 செல்சியஸ்) 45 நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறிவிட்டு, ரஸ்க் போல் நொறுங்கும்வரை உலர்த்துங்கள். ஒரு ஸ்டிக் வெண்ணெயில் 2 பெரிய வெங்காயம், 4 செலரித் தண்டு வதக்கி, நறுக்கிய சேஜ் இலை 2 மேசைக்கரண்டி, தைம் ஒரு மேசைக்கரண்டி, அரை கப் வெள்ளை ஒயின் விட்டு வற்றவிட்டு, ரொட்டியில் கொட்டி, இரண்டரை கப் ஸ்டாக்கில் 2 முட்டை அடித்துக் கலந்து ஊற்றுங்கள். 10 நிமிடம் ஊறிய பிறகு ஒரு பிடி பிழிந்து பாருங்கள். கையில் சேர வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. 375 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் மூடி 25 நிமிடம், திறந்து 20 நிமிடம்.

வான்கோழி வயிற்றுக்குள் அடைத்துச் செய்வது மரபு. ஆனால் நடுவே 165 டிகிரி ஃபாரன்ஹீட் (74 செல்சியஸ்) வராவிட்டால் கோழிச்சாறு ஊறிய ரொட்டி ஆபத்து. அந்தச் சூடு நடுவுக்குப் போய்ச் சேரும் நேரத்தில் மார்புக்கறி மரத்தூளாகியிருக்கும். தனி ட்ரேயில் செய்தால் மேலே மொறுமொறுப்பும் கிடைக்கும்.

சர்க்கரைவள்ளிக்கிழங்கின்மேல் மார்ஷ்மெல்லோ போடுவது முதல்முறை பார்ப்பவர்களுக்கு அதிர்ச்சிதான். 1917-இல் ஏஞ்சலஸ் மார்ஷ்மெல்லோ நிறுவனத்துக்காக ஜேனட் மெக்கென்சி ஹில் எழுதிய கையேட்டிலிருந்து பரவிய பழக்கம் அது. அதாவது விற்பனை உத்தி. நூறு வருடமாக வேலை செய்கிறது. கிழங்கு 1.8 கிலோவை வேகவைக்காமல், முழுதாக 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (205 செல்சியஸ்) ஒரு மணி நேரத்துக்கு மேல் சுடுங்கள். மெதுவாகச் சூடேறும்போது கிழங்கின் மாவுச்சத்தே மால்டோஸ் சர்க்கரையாக மாறுகிறது. பிறகு வேறு சர்க்கரை எதற்கு? தோலுரித்து மசித்த கிழங்கில் சேர்க்க 85 கிராம் வெண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு ஆரஞ்சின் சாறும் துருவிய தோலும் போதும். மார்ஷ்மெல்லோ வேண்டுமென்றால் கடைசியில் அடுக்கி பிராய்லரில் (ஓவனின் மேல்பக்கச் சூடு) ஒரு நிமிடம், அதிகபட்சம் இரண்டு. அந்த நேரத்தில் ஓவனை விட்டு நகரக்கூடாது, ஃபோன் அடித்தாலும். பொன்னிறத்துக்கும் கரிக்கும் இடையில் இருபது விநாடிதான். மார்ஷ்மெல்லோ வேண்டாம் என்பவர்கள் பீக்கன் கொட்டை 100 கிராம், பழுப்புச் சர்க்கரை அரை கப், மைதா அரை கப், வெண்ணெய் 60 கிராம் பிசிறித் தூவி 25 நிமிடம் சுடலாம். எங்கள் ஓட்டு இதற்கே.

கிரான்பெரிதான் இந்த விருந்தின் ஊறுகாய். வெண்ணெய்ப் படையெடுப்பை ஒற்றை ஆளாக எதிர்ப்பது அதுதான், எனவே டப்பாவை அப்படியே கவிழ்க்காமல் 15 நிமிடம் ஒதுக்குங்கள். 340 கிராம் (12 அவுன்ஸ்) பை ஒன்று, சர்க்கரை முக்கால் கப், போர்ட் ஒயின் அரை கப், தண்ணீர் அரை கப், ஒரு துண்டு பட்டை, ஆரஞ்சுத் தோல். கொதி வந்ததும் பழங்கள் பட்டுபட்டென்று வெடிக்கும், 10 நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். சூடாக இருக்கும்போது நீர்க்கவே இருக்கும், ஆறினால் பழத்திலுள்ள பெக்டினே இறுக்கிவிடும். இது தெரியாமல் சட்டியிலேயே கெட்டிப்படுத்தப் பார்த்தால் மறுநாள் ரப்பர். சோளமாவு சேர்க்கவே கூடாது. போர்ட் இனிப்பானது, அதனால்தான் வழக்கமான ஒரு கப் சர்க்கரையைக் குறைத்தோம். குழந்தைகளுக்கு ஆரஞ்சுச் சாறு ஊற்றித் தனியாக ஒரு சட்டி வையுங்கள்.

ஒரு ஓவன், நாலு ட்ரே

செய்முறை எல்லாம் தெரிந்தும் விருந்து சொதப்புவது இங்கேதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு கேட்கும். கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டாம், எல்லாவற்றுக்கும் 375 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வைத்துவிடலாம். ஐந்து பத்து நிமிட வித்தியாசம்தான். வான்கோழி வெளியே வந்தபின் வெட்டுவதற்கு முன் 40 நிமிடம் சும்மா கிடக்க வேண்டும். அந்த 40 நிமிடம்தான் தொடுகறிகளுக்கான நேரம். 9×13 அங்குல ட்ரே ஒரு தட்டில் இரண்டு வீதம் நாலு கொள்ளும். ஆனால் நிறைந்த ஓவன் மந்தமாகத்தான் சுடும். 10 நிமிடம் கூட்டி வைத்து, பாதியில் மேல்தட்டையும் கீழ்தட்டையும் மாற்றுங்கள்.

கிரான்பெரி திங்கட்கிழமையே முடிந்துவிடலாம். ரொட்டியைச் செவ்வாய் உலர்த்தலாம். பீன்ஸ், காளான் சாஸ், சர்க்கரைவள்ளி மசியல் புதன் இரவு. பீன்ஸையும் சாஸையும் தனித்தனியாக வைத்து வியாழன் காலை கலந்தால் போதும். மாக் அண்ட் சீஸும் உருளைக்கிழங்கும் அன்றே. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடி ட்ரேயை நேராகச் சூடான ஓவனில் வைக்காதீர்கள், வெடித்துவிட்டால் காசரோலோடு ஓவனையும் வழிக்க வேண்டிவரும். அரை மணி வெளியே வைத்துக் குளிர் விட்ட பிறகு வையுங்கள். உலோக ட்ரேக்கு இந்தப் பயம் இல்லை.

வேறு வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால், அங்கே ஓவன் காலியாக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கிரான்பெரிக்கு ஓவனே வேண்டாம். உருளைக்கிழங்கை ஸ்லோ குக்கரோடு தூக்கிப் போகலாம், ஒரு பிளக் பாயிண்ட் போதும்.

சைவ நண்பர்கள் வருகிறார்களா? லேபிளைப் படியுங்கள். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், அதாவது மாடு அல்லது பன்றி. பார்மெசான், க்ருயேர் இரண்டும் மரபுப்படி கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டில் உறைவது. ஊஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கும். சில ஒயின்களைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸோ முட்டை வெள்ளையோ பயன்படும். “வீகன்” என்று அச்சிட்ட பாட்டில் கிடைக்கிறது. ஸ்டாக்குக்கு உலர்ந்த காளான் 30 கிராம் ஊறவைத்த தண்ணீர் கோழி ஸ்டாக்குக்குச் சளைத்ததல்ல.

டம்ளரில் ஊற்றுவதற்கு

750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. வீதம் 5 டம்ளர். குடிக்கிறவர் இருவருக்கு ஒரு பாட்டில் என்று கணக்குப் போட்டு, ஒன்று கூடுதலாக வாங்குங்கள். கடையில் பெருமையாக நிற்கும் கனமான சிவப்பு ஒயின் கேபர்னே சோவின்யோனை விட்டுவிடுங்கள். அதன் துவர்ப்பு இனிப்புப் பண்டத்தோடு சேர்ந்தால் கசக்கும். சற்றே இனிப்புள்ள வெள்ளை ஒயின் ரீஸ்லிங்தான் இந்த மேசைக்கு நண்பன். கிரான்பெரிக்குப் பக்கத்திலும் மார்ஷ்மெல்லோவுக்குப் பக்கத்திலும் முகம் சுளிக்காது, ஆல்கஹாலும் பெரும்பாலும் குறைவு. சிவப்புதான் வேண்டும் என்றால் பினோ நுவார், அல்லது காமே திராட்சையில் வரும் போஜொலே. அந்த வருட அறுவடையின் போஜொலே நுவோ நவம்பர் மூன்றாம் வியாழன் வெளிவரும், அதாவது தேங்க்ஸ்கிவிங்குக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. 20 நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். மாக் அண்ட் சீஸுக்கு நுரைக்கும் ஒயின் எதுவானாலும் பொருந்தும், குமிழி கொழுப்பை வழித்துக்கொண்டு போகும். யாராவது ஆவக்காய் கொண்டுவந்திருந்தால், எப்படியும் ஒருவர் கொண்டுவருவார், 15 சதவீத ஆல்கஹால் உள்ள சிவப்பு ஒயின் ஸின்ஃபான்டெலை அவர் பக்கம் தள்ளாதீர்கள். ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும்.

சமைப்பவர் டம்ளர் பற்றி ஒரே விதி: கத்தி வேலையும் வடிக்கும் வேலையும் முடிந்த பிறகு. கொதிக்கும் கிழங்குச் சட்டியைத் தூக்கும்போது கையில் தெளிவு வேண்டும். இரண்டாம் டம்ளருக்குப் பிறகு உப்பு ருசி பார்ப்பதை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள், நாக்கு “இன்னும் கொஞ்சம்” என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கார் சாவி யாரிடம் என்பதை முதல் பாட்டில் திறக்கும் முன்பே முடிவுசெய்யுங்கள்.

மிச்சம் கட்டாயம் இருக்கும். சமைத்தது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக்கூடாது. ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்துக் குளிரில் வைத்தால் மூன்று நான்கு நாள் வரும். மாக் அண்ட் சீஸைச் சுடவைக்கும்போது ஒரு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி பால் விட்டு, மைக்ரோவேவைப் பாதி சக்தியில் ஓட்டுங்கள். முழு சக்தியில் எண்ணெய் பிரியும். பாட்டிலில் மிஞ்சிய ஒயினை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவிட்டால் அடுத்த சாஸுக்கு ஆகும். ஸ்டஃபிங் மிஞ்சினால் 2 கப்புக்கு ஒரு முட்டை அடித்துக் கலந்து, எண்ணெய் தடவிய வாஃபிள் கருவியில் அழுத்தி 6 நிமிடம் வையுங்கள். ஓரம் மொறுமொறுவென்று வரும், தொட்டுக்கொள்ள அந்தக் கிரான்பெரியே போதும்.